மாமாவின் திங்கட்கிழமைக் காய்ச்சல்

புத்தூரில் மாமாவின் வெல்டிங் பட்டறைக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஓர் ஆணி இருக்கும். ஆயுத பூஜைக்கு மறுநாள் நான் போனபோது, நான் வாங்கிக் கொடுத்த முகமூடி அந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாதாரணத் துணி மாஸ்க் இல்லை அது. ரப்பரில் செய்தது. மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடும். கன்னத்துக்கு ஒன்றாகப் புகையை வடிகட்டும் வட்டமான வில்லைகள் இரண்டு. எங்கள் தொழிற்சாலைக்குச் சரக்கு தருகிறவரிடம் சொல்லிவைத்து, இரண்டு வாரம் காத்திருந்து வாங்கினேன். மாமா அந்த இரண்டு வில்லைகளிலும் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். மேலே ஒரு முழம் சாமந்தி. பக்கத்தில் கிரைண்டருக்கும் ட்ரில்லிங் மெஷினுக்கும் அதே மரியாதை நடந்திருந்தது. ஆனால் அவையெல்லாம் உழைத்துக் கறுத்த கருவிகள். என் முகமூடி மட்டும் பெட்டியிலிருந்து எடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே பளபளத்தது.

"இன்னா மாமா இது?" என்று கேட்டேன்.

"உன் மாஸ்க்குதான் மச்சான். பொட்டு வெச்சிக்கீறேன், நல்லாக்கீதா?" என்றார்.

கேலி செய்யவில்லை. நான் சந்தோஷப்படுவேன் என்று உண்மையாகவே எதிர்பார்த்தார். சந்தனம் அப்பிய வில்லை வழியாக இனி ஒரு மூச்சுகூட உள்ளே போகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு கை பொரியும் கடலையும் என் உள்ளங்கையில் வந்து விழுந்தன. தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். எங்கள் ஊர் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கம். ஆந்திராவில் இருந்துகொண்டு வீட்டில் தமிழும் வாசலைத் தாண்டினால் தெலுங்கும் பேசுகிற ஜனம் நாங்கள். எங்கள் தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில்தான் கூலி வேலை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, திருப்பதிக்கு வெளியே இரும்புக்குத் துத்தநாகம் பூசுகிற ஒரு தொழிற்சாலையில் சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் அதை யாரும் துத்தநாகம் என்று சொல்ல மாட்டார்கள், ஜிங்க்தான். மின்கம்பி போகும் கோபுரங்களுக்கான இரும்புச் சட்டங்களை ஆசிட்டில் கழுவி, உருகிய ஜிங்க் நிரம்பிய தொட்டியில் முக்கி எடுப்பார்கள். பூச்சு எவ்வளவு கனம் ஏறியிருக்கிறது என்று நான் அளந்து எழுதுவேன். இருபது வருஷமாக இதே வேலை. ஜிங்க்கைப் பற்றி என்னிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்கிற வியாதியும் இந்த வேலையில் வந்துவிட்டது.

அந்த உலோகத்தின் குணம் அப்படி. இரும்பின்மேல் போய் உட்கார்ந்துகொண்டு, காற்றும் ஈரமும் வந்தால் முதலில் தன்னை அரித்துக்கொள்ளும். பூச்சில் சிறு கீறல் விழுந்து உள்ளே இரும்பு தெரிந்தாலும், சுற்றியிருக்கும் ஜிங்க் தீரும்வரை துரு இரும்பைத் தொடாது. வீட்டுக்கு மூத்த பெண் ஏழாம் வகுப்போடு நின்று, தம்பியைப் படிக்கவைப்பது மாதிரி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அக்கா வேர்க்கடலை பறிக்கப் போனாள், நான் பள்ளிக்கூடம் போனேன். அதனாலோ என்னவோ, நான் படித்த படிப்பின்மேல் என்னைவிட அவளுக்குத்தான் நம்பிக்கை அதிகம். "தம்பி சொல்லிக்கீறான்" என்று அவள் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அதற்கு அப்பீல் கிடையாது.

மாமா தொழிலில் கெட்டிக்காரர். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகும். புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். "எலும்பை ஒட்டறதுக்கு அவங்க, இரும்பை ஒட்டறதுக்கு நானு" என்று பெருமை பேசுவார். கேட், கிரில், மாட்டுக் கொட்டகை, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். ஒரு காலத்தில் எல்லாம் வெறும் இரும்பு. பிறகு வந்தவர்கள் அத்தனை பேரும் ஜி.ஐ. பைப்தான் வேண்டும், துரு பிடிக்கக்கூடாது என்று தெலுங்கில் கறாராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஜி.ஐ. என்றால் எங்கள் தொழிற்சாலையில் நடக்கிற அதே ஜிங்க் பூச்சுதான். அதில் வெல்டிங் ராடை வைத்தால், இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே ஜிங்க் கொதித்து, வெள்ளைப் புகையாகப் போய்விடும். மாலையில் மாமாவின் புருவத்தில் பஞ்சு பஞ்சாக வெள்ளையாக ஒட்டியிருப்பது அந்தப் புகைதான். ஒட்டுப்போட வேண்டிய இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பிறகு வெல்டிங் வையுங்கள், முடிந்ததும் ஜிங்க் கலந்த பெயின்டை அடியுங்கள் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். அவர் அடித்தது சில்வர் பெயின்ட். "கலரு ஒண்ணுதானே மச்சான்" என்பார். என் வீட்டு கேட்டும் அவர் செய்ததுதான். பைப்புகள் இன்றைக்கும் புதிதுபோல் இருக்கின்றன, ஒவ்வொரு மூட்டிலிருந்தும் துரு ஒழுகுகிறது. ஜிங்க் சோதனைக்கூடத்துக்காரன் வீட்டு கேட் இது.

துருவாவது போகட்டும். காய்ச்சல்தான் பெரிய கதை. திங்கட்கிழமைதோறும் மாலையில் மாமாவுக்குக் காய்ச்சல் வரும். முதலில் வாயில் ஓர் அசட்டுத் தித்திப்பு, தண்ணீர் குடித்தாலும் இரும்புச் சுவை. பிறகு தொண்டை வறட்சி, உடம்பு வலி, பல் கிட்டுகிற அளவுக்குக் குளிர். அக்கா இரண்டு போர்வை போர்த்தி, மேலே தன் பழைய புடவையையும் நாலாக மடித்துப் போடுவாள். விடிவதற்குள் வேர்த்துக் கொட்டி, காலையில் ஒன்றும் நடக்காதவர்போல் இட்லி தின்றுவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார். செவ்வாய் முதல் சனிவரை ஒரு தும்மல்கூட இருக்காது. மறுபடி திங்கட்கிழமை வந்தால் போர்வை வெளியே வரும். அந்த வீட்டில் திங்கட்கிழமை ராத்திரிக்கு மிளகு ரசம்தான் என்பது எழுதாத சட்டம்.

வெல்டிங்காரர்களுக்கு இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. பால். பட்டறை இருக்கும் வரிசையில் நாலு மணியானால் எல்லோரும் டீக்கடையில் ஆளுக்கொரு சொம்பு பால் வாங்கிக் குடிப்பார்கள். பால் உள்ளே போய்ப் புகையை இழுத்துக்கொண்டு போய்விடுமாம். செவ்வாய் முதல் சனிவரை காய்ச்சல் வராததற்குப் பால்தான் காரணம் என்று மாமா சத்தியம் செய்வார். சரி, திங்கட்கிழமையும்தானே பால் குடிக்கிறீர்கள், அன்றைக்கு ஏன் வருகிறது என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கறி. கறி பாலின் வேலையைக் கெடுத்துவிடுகிறதாம். அக்கா பாவம், கறியை நிறுத்திப் பார்த்தாள். காய்ச்சல் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்திப் பார்த்தாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை இருவரும் வெதுருகுப்பத்துக்குப் பஸ் ஏறி, அங்கே கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டு வருவார்களே, அந்த வழியில் ஏதோ கண் பட்டிருக்கிறது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

அப்படி ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நான் அங்கே போய் மாட்டிக்கொண்டேன். போர்வைக்குள்ளிருந்து மாமா முனகுகிறார், அக்கா அடுப்பில் மிளகாயைப் போட்டுவிட்டு இருமுகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். இது ஜிங்க் புகையால் வருகிற காய்ச்சல். புகை நெஞ்சுக்குள் போய்ச் சில மணி நேரத்தில் குளிர் எடுக்கும், ஒரு நாளில் தானாகவே போய்விடும். பால் குடித்தாலும் போகும், குடிக்காவிட்டாலும் போகும். தினமும் புகையை இழுத்தால் உடம்பு அதைத் தாங்கப் பழகிக்கொள்ளும். ஒரே ஒரு நாள் லீவு விட்டால் அந்தப் பழக்கம் மறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மறக்கிறது, திங்கட்கிழமை மறுபடி அடி வாங்குகிறது. எல்லாத் தேசத்து வெல்டிங்காரனுக்கும் திங்கட்கிழமைதான் காய்ச்சல் வரும், கறியைக் குற்றம் சொல்லாதீர்கள் என்றேன். அவ்வளவு தெளிவாக என் வாழ்க்கையில் நான் எதையும் விளக்கியதில்லை. காய்ச்சல் கண்ணோடு மாமா எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ ஞாயித்துக்கெழம லீவு எடுக்கறதாலதான் வருதுன்றே?"

"ஆமா மாமா."

"லீவு எடுக்கலன்னா வராது?"

இந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அப்போது எனக்குப் புரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வராது, ஆனால் புகை உள்ளே போவது போய்க்கொண்டுதான் இருக்கும், அதற்கு மாஸ்க்தான் வழி என்று நான் நீட்டி முழக்கியதில் அவர் காதில் விழுந்தது முதல் சொல் மட்டும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாமா பட்டறையைத் திறந்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும். கொடுமை என்னவென்றால் காய்ச்சல் நின்றுவிட்டது. முற்றாக நின்றுவிட்டது. மாமா என்னைத் தெய்வமாக்கிவிட்டார். "என் மச்சான் கெமிஸ்ட்டு. அவன் சொன்னான், லீவு எடுக்கக்கூடாதுன்னு. பாரு, ஒரு மாசமா ஜொரமே இல்ல" என்று வரிசை முழுக்கச் சொல்லிவைத்தார். மாதம் முடிவதற்குள் இன்னும் மூன்று பட்டறைகள் ஞாயிற்றுக்கிழமை திறந்தன. நான் அந்தத் தெருவில் நடந்தால் முகம் தெரியாத வெல்டிங்காரர்கள் கண்ணாடியைத் தூக்கிவிட்டு எனக்கு வணக்கம் சொல்வார்கள். நான் வணக்கம் வாங்கிக்கொண்டே எத்தனை பேருக்கு விளக்கம் சொல்ல முடியும்? ஒருவரிடம் நின்று சொல்லிப் பார்த்தேன். "பர்வாலேது சார், மாக்கு பாகுந்தி" என்றார். பரவாயில்லையாம், அவருக்கு நன்றாகத்தான் இருக்கிறதாம்.

அக்கா மட்டும் வணக்கம் சொல்லவில்லை. ஒரு நாள் போனபோது தட்டை ணங்கென்று என் முன்னால் வைத்தாள்.

"வாரத்துல ஒரு நாளு. ஒரே நாளு அந்த மனுசன் வூட்ல இருந்தாரு. ரெண்டு பேரும் பஸ்ஸுல குந்திக்கினு பொண்ணு வூட்டுக்குப் போய்க்கினு வருவோம். அதையும் புடுங்கிக்கினியே. ஜொரம் வந்தா வந்துட்டுப் போவட்டும்னு வுடமாட்டியா? உன்னை யாரு கேட்டாங்க?"

அது அவள் என்னைத் திட்டிய திட்டு. நியாயமான திட்டு. இதைக் குறித்துவைக்கிறேன், ஏனென்றால் அவளுக்குத் திட்டத் தெரியாது என்று பிற்பாடு யாரும் நினைத்துவிடக்கூடாது.

அதே வருஷம் வெதுருகுப்பத்து மகள் கைக்குழந்தையோடு புத்தூர் வந்திருந்தபோது குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரி நர்ஸ் உப்புச் சர்க்கரைத் தூள் பொட்டலங்களும், பதினாலு நாளைக்கு ஜிங்க் மாத்திரையும் கொடுத்தனுப்பினாள். ஜிங்க் என்ற பெயரைக் கேட்டதும் அக்கா எனக்குப் போன் போட்டாள். அந்த மனுஷனைப் படுக்கப் போடுகிற சாமானைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பது அவள் சந்தேகம். எனக்குச் சொல்லவா வேண்டும்! உடம்புக்குள் ஜிங்க் இல்லாத இடமே இல்லை. புண் ஆறுவதற்கு அது வேண்டும், நாக்கில் ருசி தெரிய அது வேண்டும், பிள்ளை வளர்வதற்கு, கிருமியோடு மல்லுக்கட்டுவதற்கு எல்லாம் துளியளவு அது வேண்டும். நெல் வயலில் அது குறைந்தால் இலை பழுப்படித்துப் பயிர் குத்துக் குத்தாக நின்றுவிடும். பிள்ளையும் அப்படித்தான். போக்கு நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதே, பதினாலு நாளும் கொடு என்றேன். மூன்றாம் நாளே போக்கு நின்றுவிட்டது. ஊரில் எல்லோரும் அதோடு மாத்திரையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். அக்கா பதினாலு நாளும் கரைத்துக் கொடுத்தாள், காலண்டரில் ஒவ்வொரு நாளாகச் சுழித்துக்கொண்டே. சொன்னது தம்பி அல்லவா.

அன்றைக்கு அக்காவிடமிருந்து போனைப் பிடுங்கி மாமா பேசினார். "ஏன் மச்சான், டாக்டரு மாத்திரையா குடுக்கறத நான் தெனிக்கும் சும்மாவே இழுத்துக்கினு கீறேன். எனக்குத்தான் உடம்பு ஜாஸ்தி நல்லா இருக்கணும்!"

"தண்ணி குடிக்கறதும் தண்ணில முழுகறதும் ஒண்ணா மாமா?" என்று கத்தினேன். வயிற்றுக்குள் போகிற ஜிங்க் வேறு, நெஞ்சுக்குள் போகிற புகை வேறு என்று சொல்லச் சொல்ல அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நன்றாகப் பேசுகிறேனாம். அந்த வாரமே ஜிங்க் சத்து உடம்புக்கு நல்லது என்று ஒரு வாடிக்கையாளரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். அன்றைக்குத்தான் அந்த முகமூடிக்குச் சொல்லிவைத்தேன். அதன் கதி என்ன ஆனது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆயுத பூஜை முடிந்து மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடிக்கிறது என்று பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் புகைக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்கிறார் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஒரு புதன்கிழமை மாலை நான் கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒரு லோடு முழுக்கப் பூச்சு சரியில்லை என்று திரும்பி வந்திருந்தது. மேனேஜரிடம் காலையிலிருந்து வாங்கிய பேச்சு காதில் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் போன்.

"டேய், உங்க மாமாவுக்குக் குளிருதாம். ஒடம்பு கொதிக்குது. இந்தப் பக்கம் விலாவுல குத்துதுன்றாரு. இன்னா பண்றது?"

"எத்தினி வாட்டி சொல்றதுக்கா? ஜிங்க் காய்ச்சல்தான். ஷட்டரை மூடிக்கினு புகையில குந்தினா வராம இன்னா பண்ணும்? காலையில போயிடும். மாஸ்க்கைப் போடச் சொல்லு மொதல்ல."

"அப்போ பயம் இல்லையே?"

"ஒண்ணும் இல்லக்கா. படுக்கச் சொல்லு."

அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. எரிச்சலோடு போனைப் பைக்குள் போட்டேன். ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். விலாவில் குத்துகிறது என்று முந்தைய எந்தத் திங்கட்கிழமையும் அவர் சொன்னதில்லை. அதுவாவது மருத்துவம், எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மற்றது நான் எடுத்த பாடம். லீவே எடுக்காதவருக்கு அந்தக் காய்ச்சல் வராது என்று சொன்னது நான். மாதக்கணக்கில் ஒரு ஞாயிறும் விடாமல் வேலை செய்த மனுஷனுக்கு நடுவாரத்தில் குளிர்க் காய்ச்சல் வருகிறது என்றால் அது வேறு என்னவோ என்று அந்த வரிசையில் பால் விற்கிற டீக்கடைக்காரருக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. என் பாடத்தை உலகமே தப்பாகப் புரிந்துகொள்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவன், தேவைப்பட்ட ஒரே நாளில் அதை மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. தம்பி சொன்னது சரிதான் என்று அக்கா நிம்மதியாக இருந்தாள். மாலையில் ஏறியது. அதையும் ஜிங்க் கணக்கிலேயே சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை இருமலில் துருநிறத்தில் சளி வந்தது. சனிக்கிழமை காலை மூச்சு இரைக்க ஆரம்பித்த பிறகுதான் ஆட்டோ பிடித்துப் புத்தூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரி. நான் யூனிஃபார்மோடு ஓடினேன்.

நுரையீரலில் சளி கட்டிவிட்டது, நிமோனியா என்றார்கள். வெல்டிங் புகையை வருஷக்கணக்கில் இழுத்த நெஞ்சு, கிருமி வந்தால் சுலபமாக இடம் கொடுத்துவிடும், முதல் நாளே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். சின்ன வயதுக்காரர், தெலுங்கில்தான் பேசினார். அவருக்கும் எரிச்சல். மூன்று நாள் ஏன் வீட்டில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். வெல்டிங் காய்ச்சல் என்று நினைத்தோம் என்று அக்கா சொன்னாள்.

"எவரு செப்பாரு அது?" என்றார் டாக்டர். யார் அப்படிச் சொன்னது?

நான் அக்காவின் பக்கத்தில், தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றிருந்தேன். சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"ஷாப் தக்கர எவரோ செப்பாரு சார்" என்றாள் அக்கா. பட்டறைப் பக்கத்தில் யாரோ சொன்னார்கள். சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

மாமாவை உள்ளே போய்ப் பார்த்தேன். ஆக்ஸிஜன் மாட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அதைக் கையால் இழுத்து இறக்கிவிட்டுப் பேசப் பார்த்தார். "செவ்வாக்கெழம பால் குடிக்கல மச்சான். மழைக்குக் கடை தொறக்கல. அதான்" என்றார். மூச்சுக்கு ஒரு வார்த்தையாக இதைச் சொல்லி முடித்தார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ, "மொதல்ல மூடுங்க அதை!" என்று அதட்டி, ஆக்ஸிஜனைத் திரும்ப அவர் முகத்தில் வைத்து அழுத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரோடு நான் கடைசியாகப் பேசியது அந்த அதட்டல்தான். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் காத்திருந்தேன். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்ததும் அக்கா கேட்பாள் என்று காத்திருந்தேன். கருமாதியன்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. திட்டாமல் இல்லை. வாழையிலை குறைவாக வாங்கிவந்ததற்குத் திட்டினாள். பந்தலுக்கு ஆள் சொல்லாததற்குத் திட்டினாள். என் பெண்ணின் கல்லூரி ஃபீஸ் விஷயத்தில் எனக்குப் பொறுப்பில்லை என்று சொந்தக்காரர்கள் நடுவில் வைத்துத் திட்டினாள். அந்தப் புதன்கிழமை போனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அவள் மகளுக்கே தெரியாது. பட்டறைப் பக்கத்தில் எந்தப் பாவி அப்படிச் சொன்னானோ என்று அந்தப் பெண் என்னிடமே இன்றும் ஆற்றாமையோடு பேசுவாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருவனை மன்னிக்கிறதாக இருந்தால் முதலில் அவனைத் திட்ட வேண்டாமா? திட்டாமலே விட்டுவிட்டால் அவன் அந்தப் பாரத்தை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பான்? எனக்கு அவள்மேல் வந்த கோபம், மாமாவின்மேல் பத்து வருஷம் வந்த கோபத்தைவிட அதிகம். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா இப்போது வெதுருகுப்பத்தில் மகள் வீட்டோடு இருக்கிறாள். போன மாதம் போயிருந்தேன். மாத்திரை தின்ற பேரன் பள்ளிக்கூடம் போயிருந்தான். மகளும் மருமகனும் வயலுக்குப் போயிருந்தார்கள். விதைக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள் அக்கா. எதிரில் உட்கார்ந்து நானும் உரித்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. இனி தாங்காது என்று தோன்றியது.

"அக்கா, அன்னிக்கு நான் போன்ல சொன்னேனே" என்று ஆரம்பித்தேன்.

அவள் கை நிற்கவில்லை. "இன்னா சொன்னே?"

"ஜிங்க் காய்ச்சல், காலையில போயிடும்னு. நான் அப்படிச் சொல்லலன்னா நீ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிருப்ப. மாமா பொழச்சிருப்பாரு. ஏன்கா என்னை ஒரு வார்த்தை கேக்கல? திட்டிடு. ஒரு வாட்டி நல்லா திட்டிடுக்கா."

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"நீ இன்னா டாக்டரா?" என்றாள். "விலாவுல குத்துதுன்னு அந்த மனுசன் என் கையைப் புடிச்சிக்கினு சொன்னாரு. பக்கத்துல குந்திக்கினு இருந்தவ நானு. ஆட்டோக்காரனுக்குப் போன் போட வேண்டியவ, பஸ்ஸுல போய்க்கினு இருந்த உனக்குப் போட்டேன். ஏன் போட்டேன்? நீ ஒண்ணும் இல்லன்னு சொல்லுவன்னு போட்டேன்டா. அதைக் கேக்கணும்னுதான் போட்டேன். உன்னைத் திட்டி இன்னா ஆவும்?"

"அதுக்காக? சொன்னது நான்தானே. தப்பு என்னுதுதான்கா."

"என்னுதுடா."

"இல்லக்கா, என்னுது."

"வாய மூடு. மூத்தவ நானு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, நான் உரித்து வைத்திருந்த பருப்பையும் தன் முறத்திலேயே வாரிப் போட்டுக்கொண்டாள்.